வெள்ளத்துக்கு நேரில் வந்து அழைக்க வேண்டும்

கொடுமுடியில் காவிரிக்கரையை ஒட்டி என் பெரியப்பா வீடு. மேட்டூரில் உபரி நீரைத் திறந்துவிட்டால் முதலில் முங்குவது படித்துறை, அடுத்தது அவர் வாசல். ஊரின் மேட்டுப்பக்கம் என் அப்பாவின் கல்யாண மண்டபம். வெள்ளம் வந்தால் கரையோரத்துச் சனங்களுக்கு அதுதான் முகாம். அண்ணன் பள்ளத்தில், தம்பி மேட்டில். இதைவிட வசதி வேறென்ன வேண்டும் என்று எங்கள் குடும்பத்தைத் தெரியாதவர்கள் நினைப்பார்கள்.

என் கல்யாணத்துக்கு அப்பா தன் அண்ணனுக்குப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். ஊட்டு ஆளுதானே என்கிற நினைப்பு. எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்தவரே ஆனாலும் புருஷனும் பெண்டாட்டியுமாக வெற்றிலைத் தட்டெடுத்துப் போய்ச் சொன்னால்தான் அது அழைப்பு. மற்றதெல்லாம் வெறும் தகவல். பெரியப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. அன்றிலிருந்து மண்டபத்துப் படியையும் மிதிக்கவில்லை, தம்பியோடு பேசவும் இல்லை.

ஆடி மாதம் நான் கோயம்புத்தூரிலிருந்து அம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயம் வெள்ளம் வந்தது. எல்லார் போனிலும் எச்சரிக்கை மணி அலறியது. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருத்தெருவாகச் சுற்றியது. "ஏனுங்க, தண்ணி வருதுங்க. கோவிச்சுக்காம கொஞ்சம் கெளம்புங்க." இவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டால் யார்தான் பயப்படுவார்கள்? இருந்தும் மதியத்துக்குள் கரையோரத்து ஆட்கள் எல்லாரும் மண்டபத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள், பெரியப்பா வீட்டைத் தவிர.

நான் ஓடினேன். அவர் வாசலில் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. உள்ளே பெரியம்மா செருப்பு மாட்டிக்கொண்டு, பையை மடியில் வைத்தபடி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார். பெரியப்பா நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"பெரிப்பா, போன்ல மணியடிச்சுதுங்களே?"

"போன்லதான் எல்லாம் வருது கண்ணு. பத்திரிகையே வந்துச்சு."

"தண்ணி ஏறுதுங்க. மண்டபத்துக்கு வாங்க."

"கூப்பிடாத மண்டபத்துக்கு எப்படிப் போறது அம்மணி? நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

பெரியம்மா என்னைப் பார்த்தார். "காலைல இருந்து சொல்றேன் கண்ணு. இந்த மனுசன உட்டுப்போட்டு நான் மட்டும் எப்படி வாரது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை நாற்காலியோடு தூக்கி ஆற்றில் போட்டிருப்பேன். ஆறே வந்துகொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

மண்டபத்துக்குத் திரும்பி அப்பாவிடம் சொன்னேன். அவரோ, "ஆறு கூப்பிட்டும் வரலீன்னா நான் கூப்பிட்டு வருவாராக்கும்?" என்று வீராப்பாகச் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போனார். ஒரே இலைக்கு இரண்டு தடவை சாம்பார் ஊற்றினார். பிறகு வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா அதற்குள் தட்டை எடுத்திருந்தார். வெற்றிலைக்கு எங்கே போவது? நிவாரணத்துக்கு வந்த பன் பாக்கெட் ஒன்று, நாலு வாழைப்பழம், கொஞ்சம் குங்குமம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் தண்ணீர் முழங்காலைத் தாண்டியிருந்தது. அப்பாவும் அம்மாவும் தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றார்கள். இந்தக் கோலத்தில் என் கல்யாணத்துக்குக்கூட அவர்கள் யாரையும் அழைத்ததில்லை.

"ஏனுங்கண்ணா, குடும்பத்தோட வரோணுங்க" என்றார் அப்பா.

பெரியப்பா பேப்பரை மடித்தார். "என்னைக்கு?"

"இன்னைக்குத்தானுங்க."

"இன்னைக்கா? இவ்வளவு அவசரமாச் சொன்னா எப்படி..."

அதற்குமேல் அப்பாவால் முடியவில்லை. "எனக்குப் பயமா இருக்குதுங்கண்ணா" என்றார். முடி நரைத்த மனுசர், ஊருக்கே சோறு போட்டுவிட்டு வந்தவர், அதைச் சின்னப் பையனின் குரலில் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெரியப்பா சட்டென்று எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டாமலே தண்ணீரில் இறங்கினார். தட்டை வாங்கவில்லை. தம்பியின் கையைத்தான் பிடித்தார். பெரியம்மா அதற்குள் பையோடு வாசலுக்கு வந்திருந்தார்.

"இந்தப்பக்கம் பள்ளம். என்ற பின்னாலயே வாடா" என்று சொல்லி, கூட்டிப்போக வந்தவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு மேட்டை நோக்கி நடந்தார்.