ருக்சானா வரைந்த சந்து

மும்பை தாராவியில் குடியிருந்த ருக்சானாவுக்குச் செம்பூரில் வேலை. வீடியோ கேம்களுக்குச் சுவர் வரைவதுதான் அவள் பிழைப்பு. காரை பெயர்ந்த சுவர், துருவேறிய தகரம், ஈரம் குடித்த படிக்கட்டு, எதைக் கேட்டாலும் கம்ப்யூட்டரில் அச்சு அசலாகக் கொண்டுவந்துவிடுவாள். பன்னிரண்டு வருடமாக ஒரே கம்பெனி. ஆட்டத்தை விற்பவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். அவள் பெயர் எதிலும் வராது.

துப்பாக்கிச் சண்டை ஆட்டம் ஒன்றுக்கு ஏழைகள் வசிக்கும் சந்து ஒன்று வேண்டுமென்றார்கள். ருக்சானா எங்கும் அலையவில்லை. தான் குடியிருந்த சந்தின் மூலைமுடுக்கெல்லாம் படமெடுத்து வந்து வரைந்தாள். இரும்பு ஏணி, நீலத் தார்ப்பாய், பக்கத்து வீட்டு அஸாருதீனின் மொபைல் ரிப்பேர் கடை, தன் வீட்டுப் பச்சைக் கதவு, வாசலில் அரிசி புடைக்கும் பெண்கள். மேலதிகாரி மானசா, மும்பை மாட்டுங்காவிலேயே வளர்ந்த தமிழ்ப்பெண், பார்த்துவிட்டு, "ரொம்ப நன்னா வந்திருக்கு ருக்சானா. உள்ளே நடக்கறாப்லயே இருக்கு" என்றாள்.

வெளிநாட்டிலிருந்து பதில் வந்தது. சந்து ரொம்பச் சுத்தமாக இருக்கிறது, குப்பை வேண்டும். சண்டை நடக்கிற இடத்தில் குடியிருப்பவர்கள் தெரியக் கூடாது, ஆட்களை எடுத்துவிடுங்கள்.

மழையில் ரயில் நின்றுபோன நாளில் அவள் வீட்டிலிருந்தே அந்தத் திருத்தத்தைச் செய்துகொண்டிருந்தாள். டீ கொண்டுவந்த உம்மா ரஷீதா திரையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏ புள்ள, இது நம்ம வாசல்லா?"

"ஆமா உம்மா."

"இம்புட்டு குப்பைய ஆரு கொண்டாந்து போட்டா?"

"நாந்தான். அவனுவ கேக்கானுவ."

"நான் ரெண்டு நேரமும் பெருக்குதேனே."

உம்மா டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வேலையை முடித்து அனுப்புவதற்கு முன் பச்சைக் கதவை ஒட்டிய சுவரில் தமிழில் ஒரு வரி எழுதினாள்: 'இங்கே நாங்கள் குடியிருக்கிறோம். சுடாதீர்கள்.' மானசாவுக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டவளிடம், "கடை விளம்பரம்" என்று சொல்லிவைத்தாள்.

ஆட்டம் வெளிவந்து சில மாதம் கழித்து, தமிழ் தெரிந்த யாரோ அந்தச் சுவரைப் படமெடுத்து, பொருளோடு இணையத்தில் போட்டார்கள். அதன்பிறகு எந்தெந்த ஊர்க்காரர்களோ ஆடும்போது அந்தச் சுவரடிக்கு வந்ததும் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டுச் சும்மா நின்றார்கள். நின்றவர்களை மற்றவர்கள் சுட்டார்கள். சுடப்பட்டவர்கள் மறுபடி ஆட்டத்துக்குள் வந்து மறுபடி நின்றார்கள். ஒன்பது நாள் இப்படி நடந்தது. பத்தாம் நாள் ஆட்டத்தை விற்றவர்கள் அந்த வரியை அழித்துவிட்டார்கள். கம்பெனியில் ருக்சானாவை அறைக்குள் கூப்பிட்டார்கள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள் மானசா.

"சொன்னா விட்டிருப்பீங்களா மேடம்?"

"மாட்டேன்" என்றாள் மானசா.

வேலை போன சேதி சந்துக்குத் தெரிந்தபோது, அவளை அக்கா முறை சொல்லிக் கூப்பிடும் அஸாருதீன் வந்து வாசலில் நின்றான். "எழுதுனது நல்ல காரியந்தான் லாத்தா. ஆனா அது போயிட்டு. ஆட்டத்துல குப்பை அப்படியே கெடக்கு. என் கடைக்கு முன்னாலயும் கெடக்கு. உலகம் பூரா அதத்தான பாக்கும்?"

ஐந்து மாதம் வீட்டில் இருந்தாள். பிறகு, அவள் வேலை கேட்டிருந்த ஒரு கம்பெனி, முன்பு செய்த வேலையில் சிறந்ததை அனுப்பச் சொன்னது. அவளிடம் அந்தச் சந்து இரண்டு விதமாக இருந்தது. ஒன்றில் பெண்கள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். மற்றொன்று வெளிநாட்டுக்காரர்களுக்குப் பிடித்தது. வெகுநேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். இரண்டாவதை அனுப்பினாள்.

மறுவாரம் ஃபோன் வந்தது. பேசியவன் ஹிந்திக்காரன். வேலை பிரமாதம், இதே மாதிரி இன்னும் மூன்று சந்து வேண்டும், செய்ய முடியுமா என்று கேட்டான்.

முடியும் என்று அவளும் ஹிந்தியிலேயே சொன்னாள்.