ராட்டைப் பக்கம் பார்த்து வாசித்த கடிதங்கள்

அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதம் ஒன்றை எழுதி முடித்ததும், ‘இது கோபமாக ஒலிக்கிறது’ என்று கணினி எச்சரித்தது. எனக்கு அம்மாவின் குரல் கேட்டது.

பள்ளிபாளையத்தில் எங்களுக்குத் துண்டு நெய்யும் தறிப்பட்டறை. வடநாட்டு வியாபாரிகளுக்கு எழுதவே அப்பா ஆங்கிலம் கற்றார். எழுதியதைத் தறிச்சத்தத்துக்கு மேல் உரக்க வாசிப்பார். ஆங்கிலமே தெரியாத அம்மா, ராட்டையில் நூல் சுற்றியபடி கேட்பாள்.

“ஏனுங்க, சண்டைக்குப் போறாப்புல இருக்குதுங்க. கொஞ்சம் தணிவா எழுதுங்க.”

“உனக்கென்ன தெரியும் இங்கிலீசு?” என்று எரிந்து விழுவார். ஆனால் திருத்திவிடுவார்.

அம்மா இறந்தபின் எழுதிய முதல் கடிதத்தைப் பாதிவரை வாசித்த அப்பா, ராட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்படியே மடித்து உறையிலிட்டு ஒட்டினார். பிறகு எந்தக் கடிதத்தையும் அவர் வாய்விட்டு வாசிக்கவில்லை.

கணினி சொன்ன வரியை மாற்றினேன். ஆனாலும் யாருமில்லாத அறையில் ஒருமுறை உரக்க வாசித்துவிட்டுக் காத்திருந்தேன்.