சாம்பார் சுடாத கால்

சேலையூர் கேம்ப் ரோட்டில் பச்சையம்மா தள்ளுவண்டியில் இட்லிக் கடை போட்டுப் பதினோரு வருஷமாகிறது. ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டுப் பரணிலிருந்து அண்டாவை இறக்கப் போய் ஸ்டூலிலிருந்து மல்லாந்து விழுந்தாள். கழுத்து விண்ணென்று தெறித்தது. எழுந்து நடக்க முடிந்ததால் தைலத்தைத் தடவிக்கொண்டு மறுநாளே கடைக்கு வந்துவிட்டாள்.

ஒரு வாரத்தில் விரல்களில் எறும்பு ஊர்ந்தது. கரண்டி கைநழுவியது. ஒருநாள் வழியில் ஒரு செருப்பு கழன்றதே தெரியாமல் கடை வரைக்கும் நடந்து வந்திருந்தாள்.

"சுளுக்குதான். குன்றத்தூர்ல சுளுக்கெடுக்கறவர் ஒருத்தர் கீறாரு. ஞாயித்துக்கெழம போனா, கழுத்த ஒரு திருப்பு திருப்பி உட்டுருவாரு" என்றார் கணவர் தட்சிணாமூர்த்தி.

சனிக்கிழமை காலை, கொதிக்கும் சாம்பார் சிந்தி அவள் பாதத்தில் கொட்டியது. அவள் பாட்டுக்குச் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தாள். தினமும் அங்கே சாப்பிடும் பிசியோதெரபிஸ்ட் பிளஸ்ஸி தட்டைக் கீழே வைத்தாள்.

"அக்கா, கால் சுடலையா?"

"இன்னா சுடறது?" என்று குனியப் போனவளைப் பிளஸ்ஸி தடுத்து, காலில் தண்ணீர் ஊற்றினாள். என்ன ஆச்சு என்று அவள் கேட்க, ஸ்டூலிலிருந்து விழுந்ததையும் நாளைக்குக் குன்றத்தூர் போகப்போவதையும் தட்சிணாமூர்த்தி சொன்னார்.

"கழுத்தை அசைக்காதீங்க. யூரின் ஒழுங்கா போகுதா?"

பச்சையம்மா குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு நாளா சரியா வர்ல. வெளிய சொல்ல வெக்கமா கீது."

தட்சிணாமூர்த்தி ஆட்டோ பிடிக்கத் திரும்பினார்.

"ஆட்டோ வேணாம் அண்ணா, குலுங்கும். 108 கூப்பிடுங்க. தண்டுவடம் நசுங்கியிருக்கும்னு தோணுது. கழுத்தைத் திருப்பியிருந்தா கைகால் வராமலே போயிருக்கலாம்."

இரண்டு பேர் கைகொடுக்க, தலையும் முதுகும் திரும்பாமல் அவளைப் பெஞ்சில் படுக்கவைத்து, கழுத்தின் இருபுறமும் துண்டைச் சுருட்டி அண்டைகொடுத்தாள் பிளஸ்ஸி. ஸ்கேனும் அவள் சொன்னதையே சொன்னது. அன்றே ஆபரேஷன். அப்புறம் மூன்று மாதம் கழுத்துப் பட்டை. அந்த நாட்களில் தட்சிணாமூர்த்தி அவித்த இட்லிகள் கல்லாக இருந்தன. வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்காமல் தின்றார்கள்.

இப்போது ஏழு மாதமாகிறது. பச்சையம்மா மறுபடி கடையில் நிற்கிறாள். இடதுகையில் இரண்டு விரல் இன்னும் மரத்திருக்கிறது. அதில் அவளுக்குப் பெரிய குறையில்லை. சூடு பார்க்க வலதுகை இருக்கிறது.

போன வாரம் இட்லி வாங்க வந்த பக்தவச்சலம் சார், பைக்கிலிருந்து விழுந்ததில் கழுத்து வலிப்பதாகச் சொன்னார். பச்சையம்மா கரண்டியை வைத்துவிட்டாள்.

"கை மரக்குதா சார்? நடக்கச்சொல்ல கால் தடுமாறுதா? ஒண்ணுக்கு சரியா போவுதா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பதில் வரும்வரை அவள் இட்லி வைக்கவில்லை. கை மட்டும் லேசாக மரக்கிறது என்றார் அவர்.

"அப்ப பைக்க இங்கியே உடுங்க" என்று பிளஸ்ஸிக்குப் போன் போட்டாள்.