அக்கா குறை சொன்ன கியர்

எங்கள் அக்கா இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. நாளைக் காலை போன் அடித்து, "எழுந்தியா, இல்ல இன்னும் உருண்டுட்டு இருக்கியா?" என்று கேட்பார் என்றே இன்றும் தோன்றுகிறது. இந்த நினைவு மலருக்காக எழுத உட்கார்ந்தபோதும் 'இருந்தார்' என்று எழுதக் கை வரவில்லை.

அக்கா கிருஷ்ணகிரியில் பிறந்தார். அப்பாவுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்ததும் குடும்பம் தொம்மலூருக்கு வந்தது. அப்பா சீக்கிரமே போய்விட, படிப்பை மாலை வகுப்புக்கு மாற்றிக்கொண்டு அக்கா பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். தம்பியான என்னைப் படிக்க வைத்ததும், அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் அவர்தான். தனக்கென்று அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று, தன் கையாலேயே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்ட வேண்டும் என்பது. வீட்டின் முன்னால் இருந்த இடம் முழுவதும் காருக்குப் போனது. அக்காவின் கணவரான மாமாவின் ஸ்கூட்டர் தெருவுக்குப் போனது. "அடுத்து நான்தான் தெருவுக்கு," என்று மாமா சிரிப்பார்.

அந்தக் காரில் இன்ஜினும் கியர் பெட்டியும் சீட்டுக்குப் பின்னால். முன்னாலிருக்கும் கியர் ராடை அதோடு எப்படி இணைப்பது என்று அக்கா மாதக்கணக்கில் யோசித்தார். கேபிள் போட்டால் இலகு. இரும்புக் கம்பிகளை மூட்டு மூட்டாகக் கோத்தால் இறுக்கம்தான், ஆனால் கியர் விழுவது கையில் தெரியும். அக்காவுக்குக் கையில் தெரிய வேண்டும். கம்பியையே போட்டார்.

தினமும் உள்ளே உட்கார்ந்து கியரைப் போட்டுப் போட்டுப் பார்ப்பார். கொஞ்ச நாளில் இடது கை வலிக்கத் தொடங்கியது. "கியர் ரொம்ப டைட்டா இருக்குடா. தோள் வரைக்கும் இழுக்குது," என்றார். நம் ஊர் கார்களில் கியர் போடுவது இடது கைதானே, எங்களுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. கம்பிகளைக் கழற்றிவிட்டுக் கேபிள் போட்டார். வலி போகவில்லை. ராடை நீளமாக்கினார். அப்போதும் போகவில்லை.

"ஸ்டியரிங் பின்னாடியே சுவிட்ச் வெச்சுடலாமாடா? விரலால தட்டினா போதும்."

"வெச்சுடுக்கா, கையாவது மிஞ்சும்," என்றேன்.

வண்டி முடியும்வரை வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது என்பது அக்காவின் கட்டளை. அதனால் அந்தக் கியரை நாங்கள் யாரும் தொட்டுப் பார்த்ததே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காபி டம்ளருடன் வண்டியருகே நின்றவர் அப்படியே சரிந்தார். மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்றார் டாக்டர்.

"இதுக்கு முன்னாடி கை வலின்னு ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னா டாக்டர். அது கியர் போட்டு வந்த வலி," என்றார் மாமா.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கியரா?" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.

அன்று ஓடிவந்து ஆட்டோ பிடித்துத் தந்த எதிர்வீட்டுக் கன்னடக் குடும்பத்தாருக்கும், அக்காவின் பீன்யா தோழியருக்கும், எங்களைத் தாங்கிப் பிடித்த உறவினர்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பந்தல் போட இடம் வேண்டி, அக்காவின் வண்டியைத் தெருவுக்குத் தள்ளித் தந்த அக்கம்பக்கத்து அண்ணன்மாருக்குத் தனியாகவே நன்றி சொல்ல வேண்டும். ஹேண்ட் பிரேக் இன்னும் பொருத்தாததால் வண்டி முதல் கியரில் நின்றிருந்தது. அதை எடுத்துவிட அன்றுதான் முதன்முறையாக நான் உள்ளே உட்கார்ந்தேன். அக்காவே திணறிய கியர் ஆயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ராடைப் பிடித்தேன். இரண்டு விரலுக்கே அது வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அதில் இறுக்கம் என்று ஒன்றுமே இல்லை.

"தள்ளட்டுமா தம்பி?" என்று வெளியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.