சிதம்பரத்தில் ஒரு கடற்படைக்காரர் வீடு

2010, மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டரைக்குத் தேவனாம்பட்டினத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். நானும் என் மனைவியின் தம்பி செல்வமும். சிதம்பரத்தில் என் மகள் கலாவுக்கு ஒரு வரன். பையன் கடற்படையில் வேலை. லீவில் வந்திருந்தான். கலா போட்டோவைப் பார்த்துச் சரி என்றுவிட்டாள். எனக்குத்தான் மனசு ஒட்டவில்லை. கட்டிக் கொடுத்த பிறகு பெண் தனியாகக் கிடந்து அழக் கூடாது. வீட்டைப் பார்த்து முடிவு சொல்லலாம் என்று கிளம்பினேன்.

சிதம்பரத்துக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் பதினைந்து ரூபாய். முதுநகர் தாண்டியதும் கெமிக்கல் கம்பெனி நாற்றம். செல்வம் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டான். ஆலப்பாக்கம் வரை எடுக்கவில்லை.

பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டு வந்தார்.

"லங்காவுல சீனாக்காரன் துறைமுகம் கட்டுறானாம். நம்மாளுங்க சும்மா இருப்பாங்களா? இனிமே கப்பல ஜாஸ்தி வுடுவாங்க" என்றார்.

"அதான் சார் எங்க மாப்ள வேல" என்றான் செல்வம்.

"இன்னும் மாப்ள ஆவுல" என்றேன்.

"ஆவலன்னா இவ்ளோ வெள்ளச் சட்ட எதுக்கு மாமா?"

முன் சீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

பம்பாயில் கடல் வழியாக வந்து சுட்டதற்குப் பிறகு, மீன் பிடிக்கப் போகிற எங்களையும் கடற்படைக் கப்பல்காரர்கள் நிறுத்தி அடையாளக் கார்டு கேட்கிறார்கள். காட்டுவோம். போகச் சொல்வார்கள். அந்தக் கப்பலில் நிற்கிற பையன்களுக்கும் ஒரு வீடு இருக்கும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம். பத்தரைக்குச் சிதம்பரம். கோபுரம் தெரிந்தது. கும்பிட்டுக்கொண்டோம்.

ரயில்வே கேட் தாண்டி, அண்ணாமலை நகர் போகிற வழியில் வீடு. பையன் பெயர் பிரபு. அவன் அம்மா மல்லிகா. கிள்ளைப் பக்கம் மீனவர் குப்பத்தில் இருந்தவர்கள். சுனாமியில் புருஷன் போன பிறகு மல்லிகா டவுனுக்கு வந்து இட்லிக் கடை போட்டு மகனைப் படிக்க வைத்தார்.

உள்ளே கொத்சு மணந்தது. இலை போடவில்லை. சம்மதம் சொல்லாமல் சம்பந்தி வீட்டில் கை நனைக்க மாட்டோம். தண்ணீர் மட்டும் குடித்தோம்.

செல்வம்தான் ஆரம்பித்தான். "மாப்ள, கப்பலு இப்ப எங்க நிக்குது?"

"அது சொல்லக் கூடாது மாமா" என்றான் பிரபு.

"லீவு முடிஞ்சி எங்க போவீங்க?"

"அதுவுந்தான்."

"பொண்ணு குடுக்கறவன்கிட்டயே சொல்லலன்னா எப்புடி? நாங்க என்னா சீனாக்காரனா?"

யாரும் சிரிக்கவில்லை. பையன் கோபப்படவும் இல்லை. "நான் வாய வுட்டா கப்பல்ல இருக்கற எல்லாருக்கும் ஆபத்து மாமா" என்றான்.

மல்லிகா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எங்கிட்டயும் சொல்ல மாட்டான்ண்ணே. லங்கா, சீனான்னு பேப்பர்ல எது வந்தாலும் எனக்குச் சோறு எறங்காது. முன்ன வந்த பொண்ணு வூட்டுக்காரங்களும் இதையே கேட்டாங்க. எழுந்து பூட்டாங்க."

எனக்கு என் வீடு ஞாபகம் வந்தது. நான் வலையோடு கிளம்பும்போது எங்கே போகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் ஆகாது. கலா சின்னப் பிள்ளையில் ஒருமுறை கேட்டுவிட்டாள். அவள் அம்மா வாயைப் பொத்தினாள். அதற்குப் பிறகு கேட்டதே இல்லை.

"தங்கச்சி, எம் பொண்ணு கேக்க மாட்டா" என்றேன். "கடலுக்குப் போறவன எங்க போறன்னு எங்க வூட்ல கேக்கறதில்ல."

மல்லிகா என்னையே பார்த்தார். "நானும் இவன் அப்பாவ ஒருநாளும் கேட்டதில்லண்ணே. டவுனுக்கு வந்து மறந்தே பூட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எலயப் போடுங்க" என்றேன்.

எனக்கு முந்தி செல்வம் உட்கார்ந்துவிட்டான். இட்லி, கத்தரிக்காய் கொத்சு. பிரபுதான் பரிமாறினான். செல்வம் கேட்டுக் கேட்டு வாங்கினான்.

"சீனாக்காரன் இவ்ளோ துன்ன மாட்டான் மாமா" என்றான் பிரபு.

மல்லிகா சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

மூன்று மணி பஸ்ஸில் திரும்பினோம். சிதம்பரம் நல்ல ஊர். தேர் ஓடுகிற வீதிகள், அகலமானவை. எங்கள் ஊரில் காற்றில் எப்போதும் உப்பு இருக்கும். அங்கே இல்லை. அந்த அம்மா அதற்காகத்தான் அங்கே வந்திருப்பார். மகன் மறுபடி கடலுக்கே போய்விட்டான்.

வீட்டில் கலா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். கப்பல் எங்கே நிற்கிறது என்று அவள் கேட்கவில்லை.

"லீவு முடிஞ்சி போனா எப்ப திரும்பி வருவாராம்ப்பா?" என்றாள்.

நானும் செல்வமும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அதைக் கேட்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

பையன் நம்பரைப் போட்டு போனை நீட்டினேன். துப்பட்டாவில் கையைத் துடைத்து வாங்கினாள்.

"நீயே கேளும்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.