ரேஞ்சு கிடைக்காத மலையில் இலவச ஆப்கள்

ஆசிரியர் தொழிலில் கேட்காமலே இலவசமாகக் கிடைப்பவை இரண்டு: ஊரார் புத்திமதி, கைபேசி ஆப். சக ஆசிரியப் பெருமக்களே, சொந்தப் பிள்ளையின் படத்துக்கு இடமில்லாமல் உங்கள் ஃபோனிலும் ஊரான் பிள்ளைகளின் ஹோம்வொர்க் நிரம்பி வழிகிறதா? அப்படியென்றால் நாமெல்லாம் ஒரே கட்சி.

நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைக்காரி. வேலை கிடைத்ததோ பள்ளிவாசல் என்ற மலையூர்ப் பக்கம், தேயிலை எஸ்டேட் நடுவில் ஒரு சின்னப் பள்ளியில். மூன்றாம் வகுப்புத் தமிழ் மீடியம். ஜூனில் என்னோடே நாலாம் வகுப்புக்கு ஏற வேண்டிய கூட்டம். பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளில் தலை எண்ணுவார்கள். எங்கள் வகுப்பு விளிம்பில் நின்றது. ஒரு தலை குறைந்தாலும் வகுப்பை மூடி, பிள்ளைகளை மலையாள வகுப்பில் உட்கார வைத்து, என்னை வேறு மலைக்குத் தூக்கியடித்துவிடுவார்கள்.

டவுனில் உள்ள இங்கிலீஷ் மீடியமோ வேன் அனுப்பிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டிருந்தது. "அவங்ககிட்ட டை இருக்கு, ஷூ இருக்கு. நம்மகிட்ட என்னம்மா இருக்கு?" என்று ஹெட்மாஸ்டர் ஹனீபா சார் கேட்டார். "ஆப் இருக்குங்க சார்" என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

சத்தம் அளக்கும் ஆப்

முதலில் இறக்கியது, வகுப்பில் சத்தம் கூடினால் திரையில் பந்துகள் துள்ளும் ஆப். பிள்ளைகள் அமைதியாக இருந்தால் பந்தும் அடங்கிக் கிடக்கும். பந்தைத் துள்ளவிட்டவர்கள் ஐந்து நிமிஷம் எழுந்து நிற்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். போட்ட நாள் நல்ல நாள், வெயில் அடித்தது.

மறுநாள் மழை பிடித்தது. எங்கள் பள்ளிக்குத் தகரக் கூரை. பிள்ளைகள் வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருக்க, திரையில் பந்துகள் பேய் பிடித்தாற்போல் ஆடின. நானும் சட்டத்தை விட்டுக்கொடுக்காமல் யார் பேசியது, யார் பேசியது என்று கத்தினேன். அதற்கும் சேர்த்துப் பந்து துள்ளியது. கடைசி பெஞ்சிலிருந்து மாரிச்செல்வி மெதுவாக எழுந்து சொன்னாள்: "டீச்சர், மழைதான் பேசுது. அதைத்தான் நிக்க வைக்கணும்."

பேர் எடுக்கும் சக்கரம்

கேள்வி கேட்க யாரை எழுப்புவது என்பதில் எனக்கு ஓரவஞ்சனை என்று வகுப்பில் ஒரு பேச்சு இருந்தது. எனவே பெயர்களை எழுதிச் சுற்றிவிடும் சக்கர ஆப்பைக் கொண்டுவந்தேன். நியாயம் என்றால் நியாயமாக இருக்கட்டும், டீச்சர் பெயரையும் போடுங்கள் என்றார்கள். போட்டேன். முதல் சுற்றிலேயே முள் என் பெயரில் வந்து நின்றது. பதின்மூன்றாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார்கள். பதிமூவாறு எழுபத்தெட்டு வரை கம்பீரமாகப் போனேன். பதிமூவேழில் வண்டி நின்றுவிட்டது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஹனீபா சார் உள்ளே வந்து என் காதோரம் சொன்னார்: "நெட் போயிடுச்சுன்னு சொல்லியிருக்கலாமேம்மா, நாங்கள்லாம் அப்படித்தான் காலம் தள்ளுறோம்."

பேச்சியம்மாவின் கணக்கு

மாரிச்செல்வியின் அம்மா பேச்சியம்மா எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவர். வகுப்பிலேயே நன்றாக வாசிக்கிற பிள்ளையை டவுன் பள்ளிக்கு மாற்றப்போவதாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை மனதில் வைத்துத்தான் அடுத்த ஆப்பை இறக்கினேன். பிள்ளை கைதூக்கினால் ஒரு புள்ளி, அடுத்தவருக்கு உதவினால் ஒரு புள்ளி. சாயங்காலம் மொத்தப் புள்ளி அம்மாவின் ஃபோனுக்குப் போய்விடும். என்ன, தாய்மார்கள் பூரித்துப்போவார்கள் என்று நினைத்தேன்.

எஸ்டேட்டில் கொழுந்தை எடை போடும்போது, ஈரத்துக்கென்று கொஞ்சம் கழித்துத்தான் கணக்கில் ஏற்றுவார்கள். மழை நாளில் கழிவு கூடும். பேச்சியம்மா அந்தத் தராசைப் பார்த்தே வாழ்நாளைக் கழித்தவர். இரண்டாம் நாளே கொழுந்துச் சாக்குத் துணி இடுப்பிலிருக்க, வகுப்பு வாசலில் வந்து நின்றார். "நேத்து பதினாலு வந்துச்சு. இன்னைக்கு ஒம்பதுதான் வந்துருக்கு. மழைக்குக் கழிச்சீயளோ?" புள்ளிக்கு ஈரம் கிடையாது என்று நான் அரைமணி நேரம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் சரி டீச்சர். நாளையிலருந்து எடை போடும்போது நான் பக்கத்துல நிக்கணும்."

ஆன்லைன் கூட்டம்

பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் அரைநாள் வேலை போகிறது என்றார்கள். ஆன்லைனில் வைத்துவிடலாமே என்று யோசனை சொன்னது நான்தான். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி, லிங்க் அனுப்பியாயிற்று.

எங்கள் மலையில் ஃபோனுக்கு ரேஞ்சு கிடைப்பது பஸ் திரும்பும் வளைவு ஒன்றில்தான். நானும் குடையோடு அங்கே போனேன். பார்த்தால் பதினாறு தாய் தகப்பன்மார் ஆளுக்கொரு ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். திரையில் பதினேழு கட்டம். எல்லாக் கட்டத்திலும் அதே தேயிலைச் சரிவு, அதே மைல்கல். நான் "வணக்கம்" என்றதும் பதினாறு ஃபோனிலிருந்து பதினாறு வணக்கம் திரும்பி வந்தது. விடுவேனா? எல்லாரும் மைக்கை அணையுங்கள் என்று ஃபோனுக்குள் கத்தினேன். கைக்கெட்டும் தூரத்தில் நின்ற ஒரு தகப்பன் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "டீச்சர், எல்லாரும் இங்கனதான நிக்கோம், மூஞ்சியப் பாத்துப் பேசுங்களேன்."

மேனேஜருக்கு ஒரு கடுதாசி

ஜூன் வந்தது. பள்ளி திறந்து ஐந்து நாளாகியும் மாரிச்செல்வியைக் காணோம். ஐந்தாம் நாள் மாலை எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூரை ஒழுகி, வீடு முழுக்கச் சட்டி பானை வைத்திருந்தார்கள். ஆணியில் புது டை தொங்கியது. "நாளைக்கு வந்து டி.சி. வாங்கிக்கிடுதேன் டீச்சர்" என்றார் பேச்சியம்மா. எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை இடம் மாறும் என்ற பயம் பாதி. ஒரு வருஷம் எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி நான் வாசிக்க வைத்த பிள்ளை என்பது மீதி.

வந்ததே வந்தீர்கள், கூரையைப் பற்றி எஸ்டேட் மேனேஜருக்கு ஒரு கடுதாசி எழுதித் தாருங்கள் என்று கேட்டார். பேச்சியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் கையில் காகிதமில்லை. ஃபோனில் மைக்கை அமுக்கி, சொல்லுங்கள், இதுவே எழுதும் என்றேன். ரேஞ்சு இல்லாமலும் தமிழ் எழுதும்படி அதைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் சொல்லி முடித்துவிட்டு என்னையும் ஃபோனையும் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு, வாசி என்றார். மாரிச்செல்வி கடகடவென்று வாசித்தாள்: "மேனேஜர் ஐயாவுக்கு பேச்சியம்மா எழுதிக்கிடுதது. கூரை ஒழுகுது. சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. ஏய் பூனை அடுப்புல ஏறாத. போன மழைக்கும் இதத்தான் சொன்னேன்." பேச்சியம்மா சிரிக்கவில்லை. தான் சொன்ன சொல் ஒவ்வொன்றும் மகள் வாயிலிருந்து வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பூனையை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார்.

ஆறாம் நாள் காலை, தலை எண்ணும் நேரத்துக்கு மகளோடு ஹெட்மாஸ்டர் அறைக்கு வந்தார். டி.சி. படிவத்தை எடுத்து வைத்திருந்த ஹனீபா சார் பேனாவைத் திறந்தார். பேச்சியம்மா கையால் அந்தத் தாளை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "இவள இங்கிலீசுல போட்டுட்டா, நான் சொன்னதத்தான் போன் எழுதிருக்கான்னு எனக்கு யாரு சார் படிச்சுச் சொல்லுவா?"

தலைக்கணக்கு சரியாக வந்துவிட்டது. நான் மெனக்கெட்டு இறக்கிய பதினோரு ஆப்பும் சும்மா கிடக்க, காரியத்தை முடித்தது ஃபோன் வாங்கும்போதே அதிலிருந்த மைக்தான் என்பதை மட்டும் ஹனீபா சாரிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.