ஏலாக்குறிச்சியில் காயாத கவுன்

அரைகுறையாகக் காய்ந்த துணியில் ஒரு வாடை வரும். எங்கள் வீட்டில் அதற்கு "முடை நாத்தம்" என்று பெயர். புளித்த மாவும் ஈரச் சாக்கும் சேர்ந்தாற்போன்ற அந்த வாடை, இன்றைக்கும் மழைநாளில் கொடியிலிருந்து சேலையை உருவும்போது மூக்கில் ஏறினால், உடனே எனக்கு முதுகில் கோரைப் பாயின் சொரசொரப்பு உறுத்தும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவள் நான். எழுதிவிடுவது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. பெரம்பலூருக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் காட்டு ஊரில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் பருத்திக்காட்டில் கூலி வேலை செய்தார்கள். நான் இரண்டாம் வகுப்புப் படித்த வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. எனக்கு மூத்தவன் ஒருவன் அதே காமாலையில்தான் இறந்துபோயிருந்தான். அவனுக்கு நடுவில் கொஞ்சம் தேறியபோது, ஏலாக்குறிச்சி மாதாவுக்கு நேர்ந்துகொண்டதைப் பருத்தி எடுப்பு முடியட்டும் என்று அம்மா தள்ளிப்போட்டாளாம்; தள்ளிப்போட்டதால்தான் பிள்ளை போனான் என்ற எண்ணத்தை அவள் மனதிலிருந்து கடைசிவரை யாராலும் எடுக்க முடியவில்லை. ஆகவே என் கண்ணில் மஞ்சள் வடிந்து வெளுப்புத் தெரிந்ததும், இந்தத் தடவை மாதா குறை சொல்ல இடமே இருக்கக்கூடாது என்று நேர்ச்சையை மிகவும் இறுக்கமாக நேர்ந்துகொண்டாள். வீட்டு வாசற்படி தாண்டியதிலிருந்து மாதா பிறந்தநாள் தேர் சுற்றி நிலைக்கு வரும் வரைக்கும், வெள்ளைக் கவுனைத் தவிர வேறு துணி என் உடம்பில் படாது. இதுதான் நேர்ச்சை. ஒரு கவுன் தைக்கத்தான் வசதி இருந்தது, ஒன்றுதான் தைத்தாள்.

ஆவணி மாதம், திருவிழாவின் கடைசி மூன்று நாளுக்கு அம்மா, அப்பாவின் தங்கை லூர்து அத்தை, நான் என்று மூன்று பேர் கிளம்பினோம். அரியலூரில் பஸ் மாற வேண்டும். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் எங்கள் பஸ்ஸுக்கு முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தன, ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை. ஏலாக்குறிச்சியில் இறங்கியபோது கவுனின் முன்பக்கம் முழுவதும் புழுதி, முதுகில் கம்பியின் துருக்கோடு, தோளில் யாரோ ஒருவரின் எண்ணெய்த்தலை சாய்ந்த தடம்.

"அங்க போயி போட்டுக்கலாம்னு படிச்சிப் படிச்சி சொன்னேன்" என்றாள் அத்தை.

"வாசப்படியிலேர்ந்துன்னு நேந்துருக்கேன், லூர்து."

"நேரயில கொஞ்சம் பாத்து நேரக்கூடாதா அண்ணி? பஸ்ஸ வுட்டு எறங்கினதுலேர்ந்துன்னு சொல்லியிருந்தா மாதா வாணாம்னா சொல்லப்போறாங்க?"

வெளியூர்க்காரர்கள் தங்கும் தகரக் கொட்டகையில் இடம் பிடித்ததும் அம்மா கவுனைக் கழற்றினாள். அப்போதுதான் எங்கள் மூவருக்குமே ஒரு விஷயம் உறைத்தது. கவுன் காயும் வரை நான் எதை உடுத்துவது? சேலைத் தலைப்பைச் சுற்றலாம் என்றால் அதுவும் துணி. துண்டும் துணி. அம்மா படுக்கக் கொண்டுவந்த கோரைப் பாயை நிமிர்த்தி என்னைச் சுற்றி உருட்டி, ஒரு கயிற்றால் கட்டினாள். தலை மட்டும் வெளியே தெரிய, கொட்டகையின் தூணோரம் நான் நின்றேன். உட்காரவும் முடியாது. எதிர்ப்பக்கம் இருந்த பிள்ளைகள் "பாய்க்குள்ள ஒரு பொண்ணு நிக்கிது, வந்து பாருங்க" என்று மற்றப் பிள்ளைகளையும் கூட்டிவந்து காட்டின. யாராவது கிட்ட வந்தால் நான் கண்ணை மூடிக்கொள்வேன். கண்ணை மூடினால் அவர்களுக்கு நான் தெரியமாட்டேன் என்று ஒரு நம்பிக்கை.

அடிபம்பில் அம்மா துவைத்த துவைப்பு அங்கிருந்தே எனக்குத் தெரிந்தது. உவர்த் தண்ணீர். சோப்பைத் தேய்க்கத் தேய்க்க நுரை வரவில்லை, திரிந்த பால்போலத் திப்பித்திப்பியாகத் துணியில் ஒட்டியது. அலசினால் அதுவும் போகவில்லை. பின்னால் குடத்தோடு நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கொடியில் இடம் இல்லை. யாரோ ஒருவரின் கண்டாங்கியை ஓரம் ஒதுக்கி அம்மா கவுனைப் போட்டாள். சாயங்காலம் மழை வந்தது. கொட்டகைக்குள் கொண்டுவந்து விரித்தும் மறுநாள் காலையில் கவுன் ஈரமும் இல்லாமல் காய்ந்ததும் இல்லாமல் "முடை நாத்தம்" அடித்தது. அந்த முதல்நாள் இரவு நான் பாய்க்குள்ளேயே படுத்திருந்தபோது அத்தை சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஏன் அண்ணி, பாயி துணி இல்ல, சரி. தலைக்கு வச்சிருக்காளே மூட்டை, அது துணிதான?"

அம்மா என் தலைக்கடியிலிருந்து மூட்டையை உருவிக்கொண்டாள்.

இரண்டாம் நாள், அந்த வாடையடித்த கவுனையே எனக்கு மாட்டிவிட்டு, கொள்ளிடத்துக்கு நடந்தோம். ஆற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நுரைக்கத்தான் செய்தது. நான் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். அந்த மூன்று நாளில் எனக்கு நிம்மதியாக இருந்தது அந்த நேரம் மட்டும்தான். ஆனால் ஆற்றில் அப்போது புதுத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கையில் அள்ளினால் தெரியாத கலங்கல், கவுனைப் பிழிந்து உதறியபோது தெரிந்தது. வெள்ளைக் கவுன் டீத்தண்ணீரில் முக்கினதுபோல் ஆகியிருந்தது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் முக்கி அலசினாள். அலச அலச நிறம் ஏறியதே தவிர இறங்கவில்லை. கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் கவுனையே கல்லில் ஓங்கி அடித்தாள். ஒரு பட்டன் தெறித்து ஆற்றில் போனது.

கொட்டகையில் எங்களுக்குப் பக்கத்தில் வரதராசன்பேட்டையிலிருந்து வந்த ஒரு டீச்சர் குடும்பம் தங்கியிருந்தது. மூன்றாம் நாள் காலையில் அந்த டீச்சர்தான் காகிதத்தில் மடித்து நீலப் பொடி கொடுத்தார். "ஒரு சிட்டிகை போதும்ங்க, துணியில முடிஞ்சி தண்ணியில ஆட்டுங்க" என்றார். அம்மாவுக்குச் சிட்டிகையில் நம்பிக்கை இல்லை. சாயங்காலம் தேர். காகிதத்தில் இருந்த அத்தனையையும் அடிபம்பு வாளியில் தட்டினாள். உவர்த் தண்ணீரில் அது கரையாமல் மிதந்தது. அதில் கவுனை முக்கி எடுத்தபோது, காவி நிறத்தின்மேல் திட்டுத்திட்டாக நீலம் படிந்து, மடிப்பிலெல்லாம் பச்சை தட்டியிருந்தது.

"கவுனுக்கே காமாலை வந்துருச்சி அண்ணி" என்று அத்தை வாய்தவறிச் சொன்னாள்.

அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்ததும் அத்தை வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் அடிக்கப் போய்விட்டாள். அம்மா வாளி இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கையிலிருந்த நீலத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

டீச்சருக்கு என் வயதில் ஒரு மகள் இருந்தாள். அவளுக்கென்று கொண்டுவந்த இன்னொரு வெள்ளைக் கவுனை எடுத்து வந்து காட்டினார். கழுத்தில் லேஸ் வைத்தது, இஸ்திரி போட்டது. பாய்க்குள்ளிருந்து நான் அதைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வெள்ளைக் கவுன் என்றுதானே நேர்ச்சை, இது வெள்ளைக் கவுன்தானே என்று அத்தை வாதாடினாள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அந்த வழியாக வந்த கோயில் உபதேசியாரை அத்தை நிறுத்தி நியாயம் கேட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாதா துணியெல்லாம் பாக்க மாட்டாங்கம்மா, மனசத்தான் பாப்பாங்க. புள்ளைக்கு அதப் போட்டுவிடுங்க" என்றார்.

"அவங்க பாக்க மாட்டாங்கதாங்க" என்றாள் அம்மா. "நேந்தது நானுங்க. நாளைக்கி இவளுக்கு ஒரு காச்ச வந்தா, இந்த லேசுதான் எங்கண்ணு முன்னால நிக்கும்."

உபதேசியார் என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

தேர் புறப்படும் நேரத்துக்குக் கவுன் காயவில்லை. அம்மாவும் அத்தையும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கினார்கள், உதறினார்கள், விசிறினார்கள். மேளம் கேட்டதும் அம்மா பாயின் கயிற்றை அவிழ்த்து, அந்த ஈரக் கவுனை என் தலைவழியே மாட்டினாள். பட்டன் போன இடத்தில் ஊக்கு குத்தினாள். காலோடு ஒட்டிக்கொண்டு, சில்லென்று, காவியும் நீலமும் பச்சையுமாக நான் கூட்டத்தில் நடந்தேன். டீச்சர் மகள் லேஸ் வைத்த கவுனில் எனக்கு முன்னால் பூத்தட்டோடு போனாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மாதாவைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை, தரையையே பார்த்து நடந்தேன். பின்னால் அம்மா செபமாலை சொல்லிக்கொண்டே, குனிந்த முதுகோடு, என் கவுனின் கீழ்விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, கால்களில் ஒட்டாமல் அகட்டி, காற்றுப் படும்படி லேசாக ஆட்டிக்கொண்டே வந்தாள். விடு என்று நான் உதறினேன். விடவில்லை. நாலு வீதியும் அப்படியே வந்தாள். தேர் நிலைக்கு வந்தபோது அவள் கவுனைத் தொட்டுப் பார்த்தாள்.

"காஞ்சிருச்சி" என்றாள் அத்தையிடம். மூன்று நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

அந்தக் கவுனைத் திரும்ப நான் போட்டுக்கொள்ளவே இல்லை. ஊருக்குப் போகும் பஸ்ஸில் அம்மாவோடு பேசவும் இல்லை. காமாலை எனக்கு மறுபடி வரவில்லை. அதற்குக் காரணம் கவுன்தான் என்று அம்மா கடைசிவரை நம்பினாள். வைத்தியர் கொடுத்த கீழாநெல்லி என்று அத்தை சொல்வாள். இரண்டு பேரும் இப்போது இல்லை.

போன வருஷம் மகளோடு வேனில் ஏலாக்குறிச்சிக்குப் போயிருந்தேன். தகரக் கொட்டகை நின்ற இடத்தில் அறைகள் கட்டியிருக்கிறார்கள். நான் தேடிய அடிபம்பு இல்லை, அது இருந்த இடம் எதுவென்றும் தெரியவில்லை. குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வருகிறது. மகள் ஒரு பெட்டி நிறைய உடை கொண்டுவந்திருந்தாள்; சாயங்காலத் தூறலில் நனைந்ததும் அறைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்து, என்னையும் மாற்றச் சொன்னாள். தேர் கிளம்பிவிட்டது, பரவாயில்லை என்று நான் கூட்டத்தோடு நடந்தேன். நனைந்த சேலை காலில் ஒட்டி நடையைப் பிடித்தது. கொஞ்ச தூரம் போனதும் என்னையறியாமல் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு பெண் கைபேசியை உயர்த்திப் பிடித்துத் தேரைப் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். வழியை மறைக்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, கொஞ்சம் நகரச் சொன்னாள். நான் ஓரமாக நகர்ந்து, குனிந்து, காலில் ஒட்டியிருந்த சேலையை நானே பிரித்துவிட்டுக்கொண்டு நடந்தேன்.